சுகந்தி அக்கா எழுத்து

வெள்ளியங்கிரி அச்சகத்தில் ஒரு நாளைக்குக் கீர்த்தனாவின் பெயர் எத்தனை முறை அடிபடுகிறது என்று சுகந்தி எண்ணத் தொடங்கியிருந்தாள். செவ்வாய்க்கிழமை பதினொரு முறை. புதன்கிழமை பதினான்கு. அந்த இரண்டு நாளும் சேர்த்துத் தன் பெயர் மூன்று முறை வந்தது. அதிலும் ஒன்று, பனி உள்ளே வருகிறது, கதவைச் சாத்து சுகந்தி என்று முதலாளி சொன்னது.

இப்படி எண்ணுகிற புத்தி அவளுக்கு முன்பு இருந்ததில்லை. பந்தலூர் கடைவீதியில் அந்த அச்சகத்துக்கு அவள் வேலைக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. காலையில் ஷட்டரைத் தூக்குவதும் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டுவதும் அவள்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மனு அடிக்க வந்தால், அடித்து முடித்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவர்களுக்கு வாசித்துக் காட்டுவாள். கேட்டுக்கொண்டே சில பேர் அழுதுவிடுவார்கள். தங்கள் கஷ்டம் இவ்வளவு ஒழுங்காக வரிசைகட்டி நிற்கிறதே என்று வருகிற அழுகை அது. அவர்கள் முகத்தைத் துடைத்து, சரி என்று தலையாட்டும் வரை அவள் பிரிண்ட் கொடுக்க மாட்டாள். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் மழையில் நனைந்துகொண்டு அவளைத் தேடி வந்தது அதனால்தான்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் பொறாமை வந்தது. பொறாமை எல்லோருக்கும் வரும். நல்லவர்களிடம் வரும்போது அது நியாயத்தைப் போர்த்திக்கொண்டு வருவதால், வந்திருப்பது இன்னது என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

கீர்த்தனா நாடுகாணிப் பெண். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற பிரிவில் ஆறு வருடம் இருந்தவள். அம்மாவுக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, போன ஜூன் மாதத்தில் அச்சகத்தில் சேர்ந்தாள். வயது இருபத்தொன்பது. சுகந்திக்கு ஒன்பது வயது இளையவள். வந்த முதல் நாளே அக்கா என்றாள். மழைக்காலம் முழுவதும் இருவரும் ஒரே ஃபிளாஸ்கில் டீ குடித்துக்கொண்டு ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள்.

அக்டோபரில்தான் எல்லாம் மாறியது. கடையில் இருந்தவை இரண்டே கம்ப்யூட்டர்கள், இரண்டும் பழசு. அவற்றில் ஓடிக்கொண்டிருந்த விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது, அடுத்ததைத் தாங்குகிற தெம்பு இந்த மிஷின்களுக்கு இல்லை என்று கீர்த்தனா முதலாளிக்கு எடுத்துச் சொல்லி, இரண்டிலும் லினக்ஸ் போட்டாள். அதோடு விடாமல், ஸ்னாப்ஷாட் என்று ஒன்றையும் ஏற்பாடு செய்தாள். முதலாளி வெள்ளியங்கிரி அன்னூர்ப் பக்கத்துக்காரர், அறுபத்தாறு வயது. அவருக்குப் புரிகிற மாதிரி அவள் சொல்லிக்கொடுத்ததை, அவர் கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

"சிஸ்டம் தன்னைத்தானே தெனமும் காத்தால ஒரு போட்டோ புடிச்சு வெச்சுக்குதுங்க. நாளைக்கு ஏதாச்சும் கெட்டுப்போச்சுன்னா, போட்டோ புடிச்ச நாளுக்கே திரும்பிப் போயிரலாமுங்க. நாம அடிச்சு வெச்ச ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாதுங்க. எல்லாம் கீர்த்தனா பண்ணுனது."

கடைசி மூன்று சொல் ஒவ்வொரு முறையும் சுகந்தியின் காதில் சூடாக விழுந்தது. பதினான்கு வருடத்தில் தான் செய்த எதையும் சுட்டி, இது சுகந்தி பண்ணுனது என்று அவர் ஒருவரிடமும் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை.

தான் லீவில் இருக்கும் நாளில் ஏதாவது ஆனால் தவிக்கக் கூடாது என்று, பழைய நாளுக்குத் திரும்பிப் போவது எப்படி என்பதைக் கீர்த்தனா அவளுக்கும் காட்டிக்கொடுத்தாள். பட்டியலில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டோர் என்பதை அழுத்தி, கடவுச்சொல்லைக் கொடுத்தால் போதும். கடவுச்சொல்லையும் சொன்னாள். சுகந்தி முகத்தை மரம்போல் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள்.

எழுத்து விஷயத்திலும் அப்போது ஒரு மனத்தாங்கல் வந்தது. தட்டச்சு படித்த நாள் முதல் சுகந்திக்குப் பழகிய பழைய தமிழ் எழுத்துரு ஒன்று உண்டு. அது புது சிஸ்டத்தில் இல்லை. இப்போது எல்லோரும் பயன்படுத்துகிற யூனிகோடுக்கு மாறிக்கொள்ளலாமே அக்கா என்று கீர்த்தனா சொல்லிப் பார்த்தாள். சுகந்தி மாறுவதாக இல்லை. மூன்று நாள் வேலை செய்யாமல் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள் காலையில் வந்து பார்த்தால், அவளுடைய மிஷினில் அவளுடைய எழுத்து இருந்தது. தன் பிடிவாதம் ஜெயித்துவிட்டது, முதலாளி அந்தப் பெண்ணுக்கு உத்தரவு போட்டிருப்பார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அது எப்படி வந்தது என்று கேட்கவில்லை.

நவம்பரில் ஒரு நாள் புதுப்பிப்பு ஒன்று இறங்கியதும் பிரிண்டர் படுத்துவிட்டது. மேல்பாறை எஸ்டேட் கோயில் கமிட்டித் தலைவர் மயில்சாமி திருவிழா அழைப்பிதழுக்காக வந்து உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் இப்படி ஆனால் கூடலூரிலிருந்து மெக்கானிக் வர இரண்டு நாள் ஆகும். கீர்த்தனா சிஸ்டத்தை அன்று காலையில் எடுத்த போட்டோவுக்குத் திருப்பினாள். பன்னிரண்டு நிமிடத்தில் அழைப்பிதழ் அச்சாகத் தொடங்கியது. மயில்சாமி திருவிழா முடிந்ததும் முதல் பிரசாதத்தை வாழையிலையில் கட்டி அவளுக்கென்று கொண்டுவந்து கொடுத்தார். அதில் பாதியைப் பிட்டு அவள் சுகந்தியிடம் நீட்டினாள். இன்று விரதம் என்று சுகந்தி சொல்லிவிட்டாள். விரதம் ஒன்றும் இல்லை. சாமி பிரசாதத்தைப் பொய் சொல்லி மறுத்தோமே என்ற உறுத்தல்கூட அன்றைக்கு அவளுக்கு வரவில்லை.

தை பிறந்ததும் முதலாளி தன் முடிவைச் சொன்னார். மலைக்குளிர் முட்டியைத் தின்றுவிட்டது, இனி அன்னூரில் மகன் வீட்டோடு இருக்கப்போகிறேன். கடையை மூட மனசில்லை. உங்கள் இரண்டு பேரில் ஒருத்தர் பொறுப்பில் விடுகிறேன், தைப்பூசம் கழியட்டும், யார் என்று சொல்கிறேன். சுகந்தி அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள். பதினான்கு வருடம் எங்கே, எட்டு மாதம் எங்கே. அந்தப் பொறுப்பு தன் கைக்கு வந்தால் கடைவீதியில் நிமிர்ந்து நடக்கலாம். அதைத் தவிர அவள் வேறு எதையும் ஆசைப்பட்டதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் முதலாளி ஒரு துண்டுத்தாளைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தார். கடைக்குப் புது லெட்டர்பேடு அடிக்க வேண்டுமாம். மேலே கடையின் பெயர், கீழே விலாசம். அதற்கும் கீழே, தொடர்புக்கு என்று போட்டு, கீர்த்தனாவின் பெயரும் செல் நம்பரும்.

அடிக்கச் சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடிக்க வேண்டியவள் சுகந்தி. அந்தப் பெயரின் ஒவ்வொரு எழுத்தையும் அவள் விரல்தான் தேடித் தேடி அழுத்த வேண்டியிருந்தது.

கீர்த்தனா நாலு மணிக்கே கிளம்பினாள். மறுநாள் காலையில் அம்மாவைக் கூடலூர் கண் டாக்டரிடம் காட்ட வேண்டும், மத்தியானம்தான் வருவாள். மயில்சாமியின் தைப்பூச நோட்டீஸைத் தயாராக வைத்திருக்கிறேன், காலையில் பிரிண்ட் மட்டும் கொடுத்துவிடுங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலாளி டீக்கடைக்குப் போயிருந்தார். வெளியே பஸ் ஸ்டாண்டை மூடுபனி மறைத்துக்கொண்டு வந்தது.

பிரிண்டர் இணைந்திருந்தது சுகந்தியின் மிஷினோடுதான். அவள் அந்தப் பட்டியலைத் திறந்தாள். சின்ன ஜன்னலில் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, அக்டோபரில் எடுத்த முதல் போட்டோ. கீர்த்தனா சிஸ்டத்தைப் போட்ட அன்று எடுத்தது, பிரிண்டர்கூட இணைக்காத வெறும் சிஸ்டம். அங்கே திரும்பிப் போய்விட்டால் அந்தப் பெண் செய்ததெல்லாம் இல்லாமல் போகும். காலையில் மயில்சாமி வருவார், பிரிண்டர் வேலை செய்யாது, புது சிஸ்டத்தின் லட்சணத்தை முதலாளி கண்ணால் பார்ப்பார்.

ஒருவருக்கும் கெடுதல் இல்லை என்றும் அவள் யோசித்துக்கொண்டாள். மேல்பாறை எஸ்டேட்டில் முப்பத்தொரு குடும்பத்துக்கு வீட்டுமனைப் பட்டா கேட்டு மூன்று வாரமாக அவள் அடித்துவந்த மனு அந்த மிஷினில்தான் இருந்தது. மறுநாள் பதினொரு மணிக்குக் கூடலூரில் பட்டா விசாரணை, மனுவை அங்கேதான் கொடுக்க வேண்டும். எந்தக் குடும்பம், எந்த லயம், இலங்கையில் எந்தத் தோட்டத்திலிருந்து எந்த வருடம் கப்பலேறி வந்தது என்று எல்லாம் அதில் இருந்தது. அவளுடைய அப்பா வீரையாவும் அப்படி வந்தவர்தான். கடைசி இரண்டு குடும்பத்தின் விவரம் காலையில் வரும், சேர்த்து ஒரே கட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள். அடித்த ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது என்று கீர்த்தனாவே சொல்லியிருக்கிறாள். பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் பென்டிரைவில் போட்டு எதிர்க்கடையில் எடுத்துக்கொண்டால் போயிற்று.

மேலே இருந்த முதல் வரியை அழுத்தினாள். கடவுச்சொல்லைக் கொடுத்தாள். கறுப்புத் திரையில் வரிவரியாக ஏதோ ஓடியது. மிஷின் அணைந்து மறுபடி எழுந்தது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். ஃபைல்கள் பெயர் பெயராக அப்படியே இருந்தன. ஒன்றையும் திறக்காமல் அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கினாள். வீட்டுக்குப் போய் விளக்கேற்றும்போது சாமி முகத்தை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

காலையில் எட்டரை மணிக்குச் சுப்பம்மா வந்துவிட்டாள். மேல்பாறையில் கொழுந்து பறிக்கிறவள், ஐம்பது வயதுக்காரி. முப்பத்தொரு குடும்பமும் சேர்ந்து அவளைத்தான் பேசுவதற்கு அனுப்புகிறது. பெட்டியில் வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மடிப்புகள் இன்னும் கலையவில்லை. மீதி இரண்டு குடும்பத்தின் விவரத் தாளைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒருக்கா பூராவும் வாசிச்சுக் காட்டு புள்ள. கேட்டுக்கிட்டுப் போனா அங்க பேசுறதுக்கு நாக்கு எழும்பும்."

சுகந்தி ஃபைலைத் திறந்தாள்.

திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் எறும்பு மொய்த்த மாதிரி பக்கம் பக்கமாகக் கிடந்தன. சுப்பம்மாவின் பெயர் இருக்க வேண்டிய முதல் வரியில் Rg;gk;kh என்று இருந்தது.

அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அவள் பழகிய பழைய எழுத்துரு அப்படிப்பட்டது. அதில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு மிஷினில் இருந்தால் தமிழ் தெரியும், இல்லையென்றால் அடியில் இருக்கிற ஆங்கிலக் குப்பைதான். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்துதான் போய்விட்டது. அது எங்கே போயிற்று? முதல் நாள் சிஸ்டத்தில் அது இல்லை, மூன்று நாள் உம்மென்று உட்கார்ந்த பிறகு வந்தது. அது தானாக வந்ததில்லை, யாரோ கொண்டுவந்து வைத்தது. நேற்று அவள் அழித்தவற்றில் அதுவும் சேர்த்தி.

பென்டிரைவில் போட்டு எதிர்க்கடைக்குப் போயும் பயனில்லை. இந்தப் பழைய எழுத்து அங்கே யாரிடமும் கிடையாது. கீர்த்தனாவின் மிஷினிலும் கிடையாது.

"என்னா புள்ள, வாசியேன்" என்றாள் சுப்பம்மா.

இவ்வளவு வருடத்தில் முதன்முறையாகத் தான் அடித்ததைச் சுகந்தியால் வாசிக்க முடியவில்லை.

அதற்குள் மயில்சாமி நோட்டீஸுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே முதலாளி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். பிரிண்டர் என்ற ஒன்று இருப்பதே அந்த மிஷினுக்குத் தெரியவில்லை. முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அன்று பட்டார். முப்பத்தொரு குடும்பத்தின் மனுவை இப்படிக் குப்பையாக்கிவிட்டதே அந்தப் பெண்ணின் சிஸ்டம், பழையதே போதும் என்று இருந்திருக்கலாம் என்றார். பிறகு சுகந்தியின் பக்கம் திரும்பினார்.

"அந்த லெட்டர்பேடை நிறுத்து அம்மணி. உம்பேரைப் போட்டு அடிச்சுக்கோ. பொறுப்பை நீயே பாத்துக்க."

எந்த வார்த்தைக்காக அவள் இத்தனை நாள் வெந்தாளோ, அந்த வார்த்தை வந்துவிட்டது. கை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்த நேரம் அவள் கண்ணில் பட்டது சுப்பம்மாவின் சேலை மடிப்பு. ஒன்பது நாற்பது பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

முதலாளியே கீர்த்தனாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவர் சத்தம்போட்டதை அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு அக்காவிடம் கொடுங்கள் என்றாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. யாராச்சும் ரீஸ்டோர் பண்ணுனீங்களா? பண்ணியிருந்தா நல்லதுதான், பத்து நிமிஷத்துல திருப்பிரலாம். பண்ணலைன்னா ஹார்ட் டிஸ்க்கே அடி வாங்கியிருக்குன்னு அர்த்தம். அப்ப எதையும் தொடாதீங்க, நான் வந்துதான் பாக்கணும். ரெண்டு மணி ஆயிரும்."

பண்ணவில்லை என்று சொன்னால் கடை அவளுடையது. ரெண்டு மணிக்குக் கூடலூரில் விசாரணை முடிந்து நாற்காலிகளை மடக்கியிருப்பார்கள். முதலாளி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயில்சாமியும் பார்த்தார். சுப்பம்மா மட்டும் ஒன்றும் புரியாமல், எல்லோரையும் பார்த்துச் சிரித்துவைத்தாள்.

கடவுள் நம்மைச் சோதிக்கும்போது பெரும்பாலும் பெரிய கேள்வியாகக் கேட்பதில்லை. ஆமாவா இல்லையா என்றுதான் கேட்கிறார்.

"நான்தான் பண்ணுனேன் கீர்த்தனா" என்றாள் சுகந்தி. "நேத்து சாயங்காலம். முதல் நாளுக்கே கொண்டுபோயிட்டேன்."

போனில் இன்னும் இரண்டு டோக்கனைக் கூப்பிட்டார்கள். மறுபக்கம் ஒரு பெரியம்மா இருமுகிற சத்தம் கேட்டது. கீர்த்தனாவின் அம்மாவாக இருக்கும்.

"சரிக்கா" என்றாள் கீர்த்தனா. "ஜன்னலைப் பெருசாக்கிக்கோங்க. பட்டியல்ல கீழ வாங்க. நேத்துக் காலைல எடுத்தது இருக்கும், அதைத் தொடுங்க."

ஏன் என்று அவள் கேட்கவில்லை.

சுகந்தி ஜன்னலைப் பெரிதாக்கினாள். முந்தின நாள் அவசரத்தில் பார்க்காத ஒரு பத்தி வலது ஓரத்தில் இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே கீர்த்தனா ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தாள். முதல் வரியில், புது சிஸ்டம். இரண்டாவது வரியில், பிரிண்டர் போட்டாச்சு. அதற்கடுத்து, சுகந்தி அக்கா எழுத்து, மொத நாள், பாதி எழுத்து வரலை. அதன் கீழே, சுகந்தி அக்கா எழுத்து, ரெண்டாம் நாள், ஸ்ரீ மட்டும் வரலை. அதன் கீழே, சுகந்தி அக்கா எழுத்து, ஸ்ரீ வந்துருச்சு.

அந்த மூன்று நாளும் தான் உம்மென்று உட்கார்ந்திருந்த மூன்று நாள் என்று சுகந்திக்குத் தெரிந்தது. சாயங்காலம் தான் வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பெண் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, தனக்கு வேண்டாத எழுத்தைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறாள். கோயில் அழைப்பிதழ் அடிக்கிற கடையில் ஸ்ரீ இல்லாமல் எப்படி என்று மூன்றாவது நாளும் விடாமல் உட்கார்ந்திருக்கிறாள். முதலாளியும் சொன்னதில்லை, அவளும் சொன்னதில்லை. அந்தக் குறிப்பு மட்டும்தான் சொன்னது.

நேற்றைய காலையை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வரிகள் மறுபடி ஓடத் தொடங்கின. மயில்சாமி வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். சுகந்தியின் கண்ணிலிருந்து நீர் வடிந்து கீபோர்டில் விழுந்தது. சுப்பம்மா எழுந்து வந்து, என்ன ஏது என்று தெரியாமலேயே, கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கையால் அவள் முதுகைத் தடவினாள்.

"அவசரமாக் கொழுந்து கிள்ளயில முத்தல் எலையும் கூட வந்துரும் புள்ள. பொறுக்கிப் போட்டுட்டா ஆச்சு. அழுவாத."

மிஷின் எழுந்தது. ஃபைலைத் திறந்தாள். சுப்பம்மா என்ற பெயர் முதல் வரியில் தமிழில் நின்றது. மீதி இரண்டு குடும்பத்தையும் அடித்துச் சேர்த்தாள். நேரமில்லை, அப்படியே கொடு என்று முதலாளி சொன்னார். சுகந்தி கேட்கவில்லை. குரல் உடைய உடைய முப்பத்தொரு குடும்பத்தையும் வாசித்தாள். சுப்பம்மா கண்ணை மூடிக் கேட்டு, சரி என்று தலையாட்டினாள். பஸ் போய்விட்டது. மயில்சாமி நோட்டீஸை மத்தியானம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, சுப்பம்மாவைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கூடலூருக்குப் புறப்பட்டார்.

கடையில் இருவர்தான் மிஞ்சினார்கள். முதலாளி சுப்பம்மா உட்கார்ந்திருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். மிஷினைச் சரிபார்க்கப் போனேன், தெரியாமல் கை பட்டுவிட்டது என்று சொல்ல அப்போதும் இடம் இருந்தது.

"பொறாமைங்க" என்றாள் சுகந்தி. "வேற ஒண்ணும் இல்லைங்க."

அவர் கைத்தடியைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். பிறகு, பதினான்கு வருடத்தில் உன்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், ஒரு நல்ல சொல்லும் சொன்னதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது என்றார். ஆனாலும் பொறுப்பு கீர்த்தனாவுக்குத்தான் என்றார். ஒரு கடையை ஒப்படைக்கிறவன் இன்றைக்கு நடந்ததைப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது, உனக்குக் கஷ்டமாக இருந்தால் சொல் என்றார். கஷ்டமாகத்தான் இருக்கிறது என்று அவள் சொன்னாள். அதையும் மறைக்கவில்லை. கீர்த்தனாவின் பெயர் போட்ட லெட்டர்பேடை அன்றைக்கே அவள் தன் கையாலேயே அச்சடித்தாள்.

ரெண்டு மணிக்குக் கீர்த்தனா வந்தாள். சுகந்தி வாசலிலேயே நின்று, தான் செய்ததையும் எதற்காகச் செய்தேன் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கீர்த்தனாவின் முகம் கொஞ்ச நேரம் வாடித்தான் போயிற்று. வலிக்கத்தானே செய்யும். பிறகு, சாப்டீங்களாக்கா என்று கேட்டாள். சுகந்தி சாப்பிடவில்லை. கீர்த்தனா தன் டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதியைப் போட்டு நீட்டினாள். இந்த முறை சுகந்தி வாங்கிக்கொண்டாள்.

தைப்பூசத்தன்று முருகன் கோயிலில் காவடிக் கூட்டம் வழிந்தது. சுகந்தி அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்று சந்நிதிக்கு வந்தாள். வழக்கமாக வீட்டுக்காரர் பெயரையும் மகள் பெயரையும் சொல்லுவாள். அன்று, கீர்த்தனா என்றாள். நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. எட்டு மாதம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். அவள் கோயம்புத்தூரில் என்ன சம்பளம் வாங்கினாள் என்று தெரியும், என்ன சோப்பு போடுகிறாள் என்று தெரியும், அவளைக் குற்றம் சொல்ல வேண்டியதெல்லாம் தெரியும். நட்சத்திரம் தெரியாது.

வரிசையைவிட்டு விலகி, மண்டபத்துத் தூணோரம் நின்று போன் போட்டாள்.

"உன் நட்சத்திரம் என்ன?"

"எதுக்குக்கா, மாப்பிள்ளை பாக்குறீங்களா?"

"கோயில்ல நிக்கிறேன்."

மேளச் சத்தத்தில் மறுபக்கம் என்ன நடந்தது என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்துக் குரல் வந்தது.

"ஆயில்யம். வரன் கேட்டு வர்றவங்ககிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

சுகந்தி சிரித்துவிட்டாள். பொறாமை முழுக்கப் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. லெட்டர்பேடைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் ஒரு சுருக்கென்ற வலி இருந்தது. அது போகிற வரை காத்திருக்க வேண்டாம், இருக்கும்போதே அவளுக்காகக் கும்பிட்டுவிடுவோம் என்றுதான் வந்திருந்தாள்.

அவள் இடம் போய்விட்டிருந்தது. வரிசையின் கடைசிக்கு வந்து நின்றாள். முன்னால் நாற்பது பேராவது இருப்பார்கள். மறந்துவிடக் கூடாதே என்று, கீர்த்தனா, ஆயில்யம், கீர்த்தனா, ஆயில்யம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடி அடியாக நகர்ந்தாள்.